இங்கே மலை பெய்கிறது

ஜூன் 9

பெருமதிப்பிற்குரிய பிழையார் மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், வம்பெல்லாம் பிறகுதான் என்று அம்மா பக்கத்தில் நின்று உத்தரவு போடுகிறாள். ஆகவே, உங்கள் முதுகுவலி சௌக்கியமா? இருமல் சௌக்கியமா? உங்களோடு ஒரே அறையில் குடியிருக்கும் பைண்டர் அண்ணனின் குறட்டை சௌக்கியமா? இங்கே தையல் மிஷினால் அம்மாவுக்குத் தோள்வலி. அம்மாவால் மிஷினுக்கும் வலிதான், பாவம், அது சொல்லிக்கொள்ளாமல் ஓடுகிறது. நான் நன்றாக இருக்கிறேன். கணக்கு மார்க்கைப் பற்றி யாரும் கேட்காதவரை இன்னும் நன்றாக இருப்பேன்.

அம்மா மிஷினுக்குப் போய்விட்டாள். இனி வம்பு.

என் பிழைப் பெட்டிக்குப் புது ராஜா வந்தாயிற்று! எதிர்வீட்டுக்காரர் தன் மாடி அறைக்கு ஆள் தேடி வாசலில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். "காற்றோட்டமான மாடி அரை வாடகைக்கு விடப்படும்." விடுவேனா? போய்க் கதவைத் தட்டினேன்.

"ஐயா, எங்க மாமாவுக்கு வீடு பாக்க வந்தேன். நீங்க பாதி வாடகைதான் வாங்குவீங்களாமே?"

"எந்தப் பய சொன்னான்?"

"நீங்கதான். வாசல்ல எழுதித் தொங்கவிட்டிருக்கீங்க."

அவர் வெளியே வந்து அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அறைக்கும் அரைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் ஐயா. உங்க அட்டைக்குத்தான் தெரியலை."

"ஒண்ணு அறைஞ்சேன்னா தெரியும்!"

"எந்த ர போட்டு அறைவீங்க?"

அட்டையைப் பிய்த்து என்மேல் விட்டெறிந்தார். எனக்கு அதுதானே வேண்டும்! எல்லா அளவிலும் அறம் கிடைக்கும் என்ற இரும்புக்கடை நோட்டீஸ் (தேய்க்கிற அரத்தைத்தான் விற்கிறார்கள்), எந்தக் கரையையும் போக்கும் என்ற சோப்பு உறை (கடலே, ஜாக்கிரதை), இப்படிப் பழைய ராஜாக்கள் எல்லாரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

போனில் பேசினால் என்ன என்று அம்மா கேட்கிறாள். உங்கள் அச்சகத்துப் போன் முதலாளியின் மேஜையில் இருக்கிறது என்பது ஒன்று. போனில் எல்லா ரகரமும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்பது இன்னொன்று. பிழையைத் திருத்தியே பிழைக்கிற மாமாவும், பிழையைப் பொறுக்கியே பிழைக்கிற மருமகளும் கடிதத்தில்தானே பேசிக்கொள்ள முடியும்?

பெட்டியின் சட்டத்தை நினைவூட்டுகிறேன். தெரியாமல் செய்த பிழைக்குத்தான் அனுமதி. வேண்டுமென்றே செய்வது பிழையல்ல, குறும்பு. அதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும்.

பதிலோடு ஏதாவது தீனி அனுப்புங்கள். பெட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.

உங்கள்
வாலு

---

ஜூன் 21

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நலமறிய ஆவல். முதுகும் இருமலும் என்னைப் போலவே இருக்கின்றன, சம்பளம் உயராவிட்டாலும் வேலைக்குத் தவறாமல் வந்துவிடுகின்றன. பைண்டரின் குறட்டைக்கு மட்டும் நல்ல முன்னேற்றம்.

உன் எதிர்வீட்டுக்காரருக்கு என் அனுதாபங்கள். அந்த அட்டை ராஜாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் பஸ்ஸில் வரும்போது நான் கண்ட சாலைப் பலகை சக்கரவர்த்தி. மேட்டிலிருந்து பஸ் இறங்கப்போகும் இடத்தில் நட்டிருந்தார்கள். "முன்னால் செங்குத்தான இரக்கம். மெதுவாகச் செல்லவும்." டிரைவர் அதை மதித்து மெதுவாகத்தான் போனார். எவ்வளவு அருமையான எச்சரிக்கை! அதைப் பிடுங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை. நாலு பேர் படிக்கட்டும்.

இத்துடன் தீனி இணைத்திருக்கிறேன். ஒரு கடைத் திறப்புவிழா அழைப்பிதழின் முதல் பிரதி. "அனைவரும் குடும்பத்துடன் தவறாமல் வருந்துமாறு கேட்டுக்கொள்கிறோம்." மிஷினில் ஏறப்போகும் நேரத்தில் பிடித்தேன். "விடுங்க சார், அழைப்பிதழை யாரு படிக்கப் போறா? தேதியைத்தான் பாப்பாங்க" என்றார் முதலாளி. கடைக்காரர் வந்து படிப்பார், அப்புறம் நாம்தான் குடும்பத்துடன் வருந்த வேண்டியிருக்கும் என்றேன்.

பிழையை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று முன்பு கேட்டிருந்தாய் அல்லவா? வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொள். வார்த்தையைப் படிக்காதே. படித்தால் மனம் தானாகவே திருத்திக்கொண்டு சரி என்று சொல்லிவிடும், வேண்டியவர்களின் குற்றம் கண்ணுக்குப் படாத மாதிரி. எழுத்தை எழுத்தாக மட்டும் பார். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார். இவ்வளவுதான் தொழில்.

அக்காவின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கணக்கு மார்க்கைக் கேட்க மாட்டேன். கேட்காமலே எனக்குத் தெரியும்.

இங்கே விடாமல் மலை பெய்கிறது. துணி காய்வதில்லை.

அன்புடன்,
மாமா

---

ஜூலை 1

மாமா! மாமா! மாமா!

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மலை பெய்கிறதாமே! குடை தாங்குகிறதா? முதலில் சின்னக் குன்றாகத் தூறிப் பிறகு மலையாகக் கொட்டியதா? பைண்டர் அண்ணன் தலையில் பாறை ஏதும் விழவில்லையே? நீங்கள் எழுதியதை வகுப்பில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். நேற்று தூறல் போட்டபோது வகுப்பே "மலை வருது, மலை வருது" என்று கத்தியது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனாலும் மனு தள்ளுபடி. முப்பது வருஷம் ழகரத்தைக் காவல் காத்த ஆள் மழையைக் கோட்டைவிடுவாரா? எனக்குத் தூண்டில் போட்டிருக்கிறீர்கள். இது குறும்பு. பெட்டியின் வாசற்படியில்கூட இதற்கு இடமில்லை.

உங்கள் கடிதத்தை அம்மா ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படித்தாள்.

"இவன் இப்படி எழுத மாட்டானேடி."

"அதாம்மா விஷயமே. வேணும்னே எழுதியிருக்காரு."

"அப்படியா?"

"பின்னே? உன் தம்பிக்கு மழை தெரியாதா?"

அம்மா கடிதத்தை மடித்து மிஷின் டிராயரில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குத் தபாலில் வருகிற கையெழுத்து உங்களுடையது ஒன்றுதான், அதையும் அவளே பதுக்கிக்கொண்டால் நான் எங்கே போவது? நீங்களே கேளுங்கள் நியாயத்தை.

சீக்கிரம் பதில். உண்மையான தீனியோடு.

வாலு

---

ஜூலை 27

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் அக்காவும் நலந்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேளை அதிகம். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அச்சேறும் காலம்.

பிடித்துவிட்டாயே கள்ளி! ஆமாம், வேண்டுமென்றேதான் போட்டேன். உன் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. சந்தோஷம்.

கன்னாடி மாற்றிவிட்டேன். புதுக் கன்னாடியிலும் எழுத்துகள் என்னோடு விளையாடுகின்றன. ஆஜர் எடுக்கும்போது ஒருவனுக்காக இன்னொருவன் எழுந்து நிற்பதில்லையா, அதைப்போல லகரத்தைக் கூப்பிட்டால் ளகரம் எழுந்து நிற்கிறது. அதட்டினால் இரண்டும் உட்கார்ந்துவிடுகின்றன. நல்ல வேடிக்கை.

அக்காவின் தோல்வலி எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடு.

இன்று காலையில் பேனாவால் தலை சீவிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டேன். அச்சகம் திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் பைண்டர் வந்து இன்றைக்கு ஞாயிறு என்றான். தீனி அடுத்த முறை அனுப்புகிறேன்.

அக்காவின் தோல்வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மாமா

---

ஆகஸ்ட் 8

பேனாவால் தலை சீவும் பெருந்தகைக்கு,

வணக்கம். முடி நீலமாகிவிட்டதா? சீப்பால் கடிதம் எழுதினீர்களோ என்று பார்த்தேன், இல்லை, பேனாவால்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தலைக்கும் கடிதத்துக்கும் ஒரே பேனா. சிக்கனம்!

தீர்ப்பு பின்வருமாறு. வேளை அதிகம்: தள்ளுபடி, இது ரொம்பச் சுலபம். கன்னாடி: தள்ளுபடி, இரண்டு முறை போட்டதால் கள்ளத்தனம் தெரிகிறது. தோல்வலி: பரவாயில்லை, கொஞ்சம் சிரித்தேன். தோல்வலியை இரண்டு தடவை விசாரித்தது உங்கள் நடிப்பின் உச்சம். ஞாயிற்றுக்கிழமைக் கதையை நான் நம்பவே இல்லை.

இப்போது என் பங்கு. உங்கள் அச்சகம் போட்ட பத்தாம் வகுப்பு விஞ்ஞான வினா விடை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. முப்பத்திரண்டாம் பக்கம்: "மனித இதயம் நான்கு அரைகளைக் கொண்டது." நான்கு அரை என்றால் இரண்டு முழு இதயம்! இது நிஜம், மாமா. குறும்பு இல்லை. அச்சில் ஏறிய, அட்டை போட்ட, அசல் பிழை. எதிர்வீட்டு அட்டை ராஜ்யத்தை இழந்தது.

சும்மா இருக்க முடியுமா? உங்கள் முதலாளிக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். கையெழுத்தை இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். "தங்கள் நூலைப் படித்ததிலிருந்து எனக்கு இரண்டு இதயங்கள் இருப்பது தெரியவந்தது. ஒன்றைத் தங்களுக்கே திருப்பி அனுப்பலாம் என்றிருக்கிறேன். தங்கள் அச்சகத்தில் அது இல்லாதவர் யாராவது இருப்பார்கள். இப்படிக்கு, இரு இதய வாசகர்." எப்படி? யார் எழுதியது என்று முதலாளி கேட்டால் தெரியாது என்று முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்தாரா என்று எனக்கு உடனே எழுதுங்கள்.

அம்மா உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதித் தானே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். என்ன எழுதினாய் என்றால் "உடம்பைப் பாத்துக்கச் சொன்னேன்" என்கிறாள். அதற்கு எதற்கு மூன்று பக்கம்?

வாலு

---

செப்டம்பர் 2

அன்புள்ள வாலு,

நலம். நலமறிய அவலம்.

முதலாளி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு இப்போது ஓய்வு. நல்ல மனிதர், ஓய்வு கொடுத்தார். இனி அச்சகத்து விலாசம் வேண்டாம். அறைக்கே எழுது. அரைக்கு. எது என்று நீயே போட்டுக்கொள்.

அக்காவுக்கு நான் எழுதிவிட்டேன். வாலுவோடு விளையாட்டு என்று எழுதினேன். நீயும் சொல். விளையாட்டு.

ஒத்தடம் கொடு.

மாமா

---

செப்டம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்தத் தடவை முறைக்காகக் கேட்கவில்லை.

"நலமறிய அவலம்" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல நகைச்சுவை. அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டாள். தைத்துக்கொண்டிருந்த சட்டை அப்படியே பாதிக் கையோடு கிடக்கிறது. நானும் சிரித்துப் பார்த்தேன். வாய் சிரித்தது.

போதும் மாமா. நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி தள்ளுபடி, தீர்ப்பு ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு தாள் மட்டும் பிழை இல்லாமல் எழுதி அனுப்புங்கள். இரண்டு வரி போதும். நீங்கள் நினைத்தால் முடியும் என்று எனக்குத் தெரியும். நினைத்துத்தான் இப்படி எழுதுகிறீர்கள் என்றும் தெரியும். தெரியும்தான். இருந்தாலும் அனுப்புங்கள்.

தபால்காரர் சைக்கிள் மணியை வீட்டுக்கு வீடு அடிக்கிறார், எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அடிக்காமல் போகிறார்.

வாலு

---

அக்டோபர் 5

தங்கச்சிக்கு,

பைண்டர் அண்ணன் எழுதறேன். நீங்க ரெண்டு பேரும் சௌக்கியமா? எனக்கு எழுத்து சரியா வராது. தப்பு இருந்தா உன் பெட்டியில போட்டுக்கோ, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். இது உங்க மாமாவுக்குத் தெரியாம எழுதறது. அவரு இப்போ தூங்கறாரு. பகல்லயும் தூக்கம்தான்.

எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நேராவே சொல்லிடறேன். பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்தாங்க. தலைக்குள்ள கட்டியாம். எழுத்தும் பேச்சும் இருக்கற எடத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காம்.

உன் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே அவருக்கு எழுத்து பிடிபடலை. ஸ்கேலை வெச்சுக்கிட்டு ஒரே வரியில மதியம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. "கண்ணு அவிஞ்சு போச்சுடா, நீ கொஞ்சம் படி"ம்பாரு. நான் பசை காயற நேரத்துல போய் அவரு காதோரமா வாய்விட்டுப் படிப்பேன். அவரு கேட்டுத் திருத்துவாரு. அந்த இதயப் பக்கத்தைப் படிச்சவன் நான்தான். வாயால சொன்னா எந்த ர, எந்த ற? "நாலு அறை"ன்னு படிச்சேன். அவரு "சரி, போ"ன்னாரு.

உன் கடுதாசியை முதலாளி எல்லார் முன்னாலயும் சத்தமாப் படிச்சாரு. சிரிப்பு தாங்கலை. உங்க மாமாவும் சிரிச்சாரு. அப்புறம் முதலாளி, "யாருய்யா இந்த இரு இதய வாசகர்? நம்ம ஆளுங்க யாராவது எழுதினதா? கையெழுத்து தெரியுதா பாருங்க"ன்னு தாளை நீட்டினாரு. உங்க மாமா பாத்தாரு. "தெரியலீங்க"ன்னாரு. எனக்குத் தெரியும், அந்தக் கையெழுத்து எப்படிச் சாஞ்சாலும் அவருக்குத் தெரியும்னு. "சரி, நீங்களே இன்னொரு தடவை படிங்க, சிரிப்போம்"ன்னாரு முதலாளி. விளையாட்டாத்தான் சொன்னாரு. உங்க மாமா தாளைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. ஒரு வார்த்தை வரலை. சிரிச்சுக்கிட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா நிறுத்தினாங்க. அப்போதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது.

மறுநாள்லேருந்து வேலை இல்லை.

உன்மேல தப்புன்னு சொல்ல இதை எழுதலை தங்கச்சி. அன்னைக்கு ரூமுக்கு வந்ததும் அவரு என்கிட்ட முதல்ல கேட்டது, "நல்லா எழுதியிருக்கா இல்ல, என் மருமக?"ன்னுதான். தனக்கு வேலை எப்படிப் போச்சுங்கறது உனக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. நான் அதை உடைச்சுட்டேன்.

நீ கேட்ட தாளைத் தினமும் எழுதறாரு. எழுதி என்கிட்ட நீட்டி "சரியா?"ன்னு கேக்கறாரு. நான் என்னத்தைக் கண்டேன்? சரின்னா நம்ப மாட்டேங்கறாரு. கிழிச்சுப் போட்டுட்டு மறுபடியும் எழுதறாரு. அந்தத் தாள் வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை எழுதிடு. பாக்கச் சகிக்கலை. அப்படியே அம்மாவைக் கெளம்பி வரச் சொல்லு.

பைண்டர் அண்ணன்

---

அக்டோபர் 11

பைண்டர் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் நான் எதையும் தேடவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். அவள் அழவில்லை. எழுந்து அலமாரியின் மேலிருந்து பையை எடுத்தாள். அதற்குள் ஏற்கெனவே இரண்டு புடவை மடித்து வைத்திருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"மலை பெய்யுதுன்னு எழுதினானே, அன்னைக்கே சந்தேகமா இருந்துச்சு. எழுதிக் கேட்டேன். விளையாட்டுக்கா, விளையாட்டுன்னான். நம்பணும்போல இருந்துச்சு, நம்பினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ சிரிச்சுக்கிட்டிருந்தே."

இரு இதய வாசகர் நான்தான் என்று முதலாளிக்கு என் சொந்தக் கையெழுத்தில், நேராக எழுதி அனுப்பியிருக்கிறேன். மாமாவை உட்காரவாவது வையுங்கள், படிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பதில் வராது என்று நினைக்கிறேன்.

தாள் வேண்டாம் என்று எழுதச் சொன்னீர்கள். உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. வேண்டாம் என்று எழுதினால், அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எல்லாமே தெரிந்துவிடும். அதனால் எழுதவில்லை. கிழிக்கட்டும் அண்ணா. கிழிக்கிறவரை என்மேல் கோபமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா நாளை புறப்படுகிறாள். எனக்குக் கீழ்வீட்டு அக்கா சாப்பாடு போடுவாள். எனக்குத் தெரியும் என்பதை மாமாவிடம் அம்மாவும் சொல்ல மாட்டாள், நீங்களும் சொல்லாதீர்கள். உங்கள் சத்தியம் உடையவில்லை. என் கையில்தான் இருக்கிறது, பத்திரமாக.

தங்கை

---

நவம்பர் 6

அன்புள்ள வாலு,

நலம். நலமறிய ஆவல்.

நன்றாகப் படி. அம்மாவைப் பார்த்துக்கொள்.

மாமா

---

நவம்பர் 13

அம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் படுக்கிறாயா? தோள் எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தை மாமாவுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுவாய் என்று தெரியும். நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடுவரை மனசுக்குள் படி. அதற்குக் கீழே சத்தமாகப் படி.

மாமாவின் தாள் வந்தது. வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு, படிக்காமல், எழுத்தை எழுத்தாகப் பார்த்தேன். ஒரு கால் குறையவில்லை, ஒரு கொம்பு மாறவில்லை. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பேனா எழுத்துக்கு அடியில் பென்சில் எழுத்து இருக்கிறது. ஆவல் என்று எழுதிய இடத்தில் அழித்து அழித்துத் தாள் தோல் மாதிரி மெலிந்து போயிருக்கிறது. இன்னொரு தடவை அழித்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். நலம் என்று எழுதியிருக்கிறார், அம்மா. பக்கத்துக் கட்டிலில் நீ உட்கார்ந்திருக்கும்போது, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று எனக்கு எழுதியிருக்கிறார். நீ அங்கே இருப்பதை மறந்துவிட்டாரா? இல்லை, இனிமேலைக்குச் சொல்கிறாரா? நீயும் பார்த்திருப்பாயே, ஏன் திருத்தச் சொல்லவில்லை என்று கேட்டு எழுதலாமென்று நினைத்தேன். வேண்டாம். பதில் எழுதாதே.

பெட்டியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன். இப்போது அதற்குள் இந்தத் தாள் மட்டும்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் திறந்து பார்க்கிறேன். படிப்பதில்லை, பார்க்கிறேன். கணக்கில் போய்விட்டது. கீழ்வீட்டு அக்கா தட்டில் போட்டுத் தருவது ஆறிப்போகிறது, அவளுக்குத் தெரியாமல் கொட்டிவிடுகிறேன். உன் மிஷின் சத்தம் இல்லாமல் வீடு என்னவோபோல் இருக்கிறது. புதன்கிழமை ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கீழ்வீட்டுப் போனில் சொன்னாயே. அதனால்தான் இந்தக் கடிதம் அதற்கு முன்பே வந்துசேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

இனி கோடு. தொண்டையைச் சரிசெய்துகொண்டு படி. குரல் உடையக் கூடாது.

________

மாமா! பிழையார் மாமா!

உங்கள் தாள் வந்துசேர்ந்தது. நானும் விடவில்லை. ஸ்கேல் வைத்துத் தேடினேன், தலைகீழாகப் பிடித்துத் தேடினேன், கடைசியில் தமிழ் டீச்சரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். "யார் எழுதினது? முத்து மாதிரி இருக்கே" என்றார். எங்க மாமா என்றேன். ஒரு பிழைகூட இல்லை! சட்டப்படி அதைப் பெட்டியில் சேர்க்க எனக்கு வழியே இல்லை. இத்தனை நாள் நீங்கள் வேண்டுமென்றேதான் விளையாடினீர்கள் என்று நான் சொன்னேனே, சரியாகப் போயிற்று பார்த்தீர்களா? யாரும் நம்பவில்லை. நான் ஒருத்திதான் கடைசிவரை நம்பினேன். ஆனாலும் ஜெயித்தது நீங்கள்தான், படுதோல்வி எனக்குத்தான்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன். கேட்டால் மயங்கிவிடுவீர்கள், கணக்கில்கூடப் பாஸ். நீங்கள் சொன்னபடி அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

நலம் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சந்தோஷம், மாமா.

நானும் நலம்.

வாலு